செவ்வாய், நாலு பதினேழு

பாகாவ் தாண்டி ஆறாவது மைல்.
செம்பனை ஆலை எடைமேடைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி,
பெட்டிக்குள் பச்சைப் பலகை,
பலகையின் அடிவயிற்றில்
கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாய் ஒரு கார்டு.
ஆலையின் எடையெல்லாம் அதில்தான்.

யோகமலர் போன் செய்தது வெள்ளிக்கிழமை காலை.
"ராத்திரி மழையில கரண்ட் போச்சு. வந்துச்சு.
ஆனா கம்ப்யூட்டர் இன்னிக்கு செவ்வாய்ங்குது."
தேதியை மாத்திப் பாருங்க என்றேன்.
மாற்றினாள், ஏற்றுக்கொண்டது.
அணைத்துப் போட்டாள்.
மறுபடியும் செவ்வாய்,
பிற்பகல் நாலு பதினேழு.

போய்ச் சேர்ந்தபோது
லோரிகள் மெயின் ரோடு வரைக்கும் நின்றன.
குலைகளிலிருந்து உதிர்ந்த பழங்களை
டயர்கள் நசுக்கி, தார் முழுக்க ஆரஞ்சு.
பெட்டியைத் திறந்தேன்.
பல்லி முட்டை இரண்டு.
அவற்றை ஒதுக்கிவிட்டுக் கார்டை உருவினேன்.

அது சாகவில்லை. அதுதான் வினை.
செத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.
எழுதும் கையை மட்டும் மடக்கிக்கொண்டு
கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறது.
புதன்கிழமை எடைக்குச் சரி என்றது,
வியாழனுக்கும் சரி, சரி.
ஒன்றையும் உள்ளே வாங்கவில்லை.
கரண்ட் போனதும்
அந்தச் சரிகளும் போயின.

படித்துப் பார்த்தேன்.
பதினோரு மாதம், நொடிக்கு ஒரு வரி,
இரண்டு கோடியே எண்பத்தைந்து லட்சம்.
முக்கால்வாசி வரிகளில்
பூஜ்யம் கிலோ. பூஜ்யம் கிலோ. பூஜ்யம் கிலோ.
தீபாவளியன்று நாள் முழுக்கப் பூஜ்யம்.
ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு இருபது கிலோ,
அரைமணி நேரம்.
நாய் ஏறிப் படுத்திருக்கும்.
பிறகு பழையபடி.

யாரும் வரவில்லை என்பதை
விடாமல் எழுதித்தான் தேய்ந்திருக்கிறது.

கார்டுக்குள்ளும் ஒரு மண்டோர் உண்டு.
ஒரே நிரையில் நிற்காதே, அடுத்ததுக்குப் போ என்று
தேய்மானத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பவன்.
இவன் பசார் மாலாம் மண்டோர்.
மேலே அறுபத்துநாலு என்று அச்சு,
உள்ளே எட்டு.
செக்ரோலில் அறுபத்துநாலு பேர்,
வேலைக்கு வந்தவர் எட்டே பேர்.
அந்த எட்டுப் பேர் முதுகில்
பதினோரு மாதப் பூஜ்யம்.

பதினெட்டு ரிங்கிட்டுக்கு அதை வாங்கிப் போட்டது நான்.
பில்லில் எழுபது.

காவலாளி கேட்டில் போட்டுவைத்த கோடுகள் முந்நூற்றிருபது.
ஆலை தன் நகலை அடிப்பதை நிறுத்தி வருஷமாகிறது,
கம்ப்யூட்டர்தான் இருக்கே என்று.
யோகமலர் ஓட்டுநர்களிடம் சீட்டு கேட்டாள்.
வெயில் மறைப்பிலிருந்து, பர்சிலிருந்து,
தே ஓ ஐஸ் பையில் ஒட்டிக்கொண்டு,
முந்நூற்றுப் பத்தொன்பது வந்தன.

காக் ரொக்கியாவின் சீட்டு
மகனின் கால்சட்டையோடு துவைக்கப்பட்டுவிட்டது.
இளஞ்சிவப்பு உருண்டை ஒன்றை மேசையில் வைத்தாள்.
"ஒரு டன் எண்ணூறு இருக்கும்."
பதிவு இருக்கா, என்றார் மானேஜர்.
நான் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
பழம் அவிந்து, பிழிந்து,
எண்ணெய் தொட்டியில் எல்லார் எண்ணெயோடும் கலந்து கிடந்தது.
அதில் அவளுடையது எது?

புதுக் கார்டு போட்டேன், சீல் உடைக்காதது.
படிக்க மட்டும் விட்டுப் பூட்டினேன்.
லோரி ஏறி இறங்கினால் ஒரு வரி,
அதுவும் இரண்டு இடத்தில்.
மேடை காலியென்றால் எழுத வேண்டியதில்லை.
பில் எங்கே என்றாள் யோகமலர்.
வாரண்டி என்றேன்.

பழசு என் பர்சில், சில்லறைக்கு நடுவே.
கடையடைத்த பிறகு சில ராத்திரி
உதிரிப் பலகை ஒன்றில் செருகுவேன்.
பச்சை விளக்கு கண் சிமிட்டும்.
செவ்வாய், நாலு பதினேழு.
மேடையில் பூஜ்யம் கிலோ.
காக் ரொக்கியாவின் லோரி
இன்னும் கிளம்பியிருக்காது.